பழனி மலைவாழையும் அதன் தொழிலாளர்களும்

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில், காப்பிச் செடிகளுக்கு இடையே மழையை மட்டும் நம்பி வளரும் வாழை, விருப்பாச்சி மலைவாழை என்று அழைக்கப்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, தடியன்குடிசை, ஆடலூர், பாச்சலூர், கே.சி.பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிய சரிவுகள் இதன் நிலம். பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் பஞ்சாமிர்தத்திற்கு உரிய பழம் இது. 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் பயிரான இந்த வாழை, முடிக்கொத்து நோயின் காரணமாகப் பின்னாளில் சுமார் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. பழத்தின் சுவை, அதன் கோயில் தொடர்பு, அதைத் தாக்கிய நோய் ஆகியவை பற்றிப் பல பதிவுகள் உள்ளன. வாழைக்குழி எடுத்தவர்கள், தாரை வெட்டிச் சுமந்தவர்கள், மருந்து வைத்தவர்கள் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு. மலைவாழையின் வரலாற்றில் இந்த இரண்டாம் பகுதி இல்லாமல் முதல் பகுதியும் முழுமையாக விளங்குவதில்லை.

பெயரும் இடமும்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் பைன் மரங்களும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் 1845இல் வீடு கட்டிக் குடியேறிய அந்த ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற ஊர்கள் அடங்கிய மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. வாழை அங்கே வளராது. வாழை வளரும் கீழ்மலை, 2,000 அடிக்கும் 5,000 அடிக்கும் இடைப்பட்ட சரிவு. வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் பாதையில் செல்பவர்கள் இந்த நிலத்தைக் காணலாம். சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் பெருமாள்மலையைத் தாண்டி நேரே ஏரிக்குப் போய்விடுகிறார்கள்.

விருப்பாச்சி என்பது மலையில் உள்ள ஊர் அல்ல. மலையின் வடக்கு அடிவாரத்தில், திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் வழியில், ஒட்டன்சத்திரத்தை அடுத்து அமைந்த பழைய பாளையப்பட்டு அது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் அளித்தவரும், ஆங்கிலேயருக்கு எதிரான கூட்டமைப்பை நடத்தி 1801இல் தூக்கிலிடப்பட்டவருமான கோபால் நாயக்கர் அந்தப் பாளையக்காரர். மலையில் விளைந்த பழத்திற்கு அடிவாரத்து ஊரின் பெயர் அமைந்தது. திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையில் விளையும் வாழை இதன் நெருங்கிய உறவு. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அறியப்படும் பச்சைநாடானும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பழத்தின் இயல்பு

விருப்பாச்சிப் பழம் சிறியது, கோணங்கள் உடையது. முழுமையாகப் பழுத்தபின் தோல் சுருங்கிக் கருக்கும். ஆனால் உள்ளே சதை அழுகுவதில்லை, உலர்ந்து இறுகி இனிப்பேறும். சதையில் நீர் குறைவாக இருப்பதே காரணம். பஞ்சாமிர்தத்தில் பழத்தோடு நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு போன்றவை சேர்க்கப்படுகின்றன, தண்ணீர் சேர்ப்பதில்லை. நீர் மிகுந்த பழத்தைப் போட்டால் கலவை சில நாட்களில் புளித்துவிடும். மலைவாழையால் செய்த பஞ்சாமிர்தம் எந்தப் பதப்படுத்தும் பொருளும் இன்றிப் பல நாட்கள் கெடாமல் இருக்கும். பாதயாத்திரையாக வந்த பக்தர்கள் ஊர் திரும்பி அண்டை வீட்டாருக்கும் பங்கிட்டுக் கொடுத்த பிரசாதத்திற்கு இந்தத் தாங்குதிறன் அடிப்படைத் தேவையாக இருந்தது.

சமவெளி வாழையோடு ஒப்பிட்டால் மலைவாழையின் விளைச்சல் குறைவு. ஆற்றுப் பாசனத்தில் உரமிட்டு வளர்க்கும் ஜி-9 ரகம் ஒரு தாரில் முப்பது கிலோ வரை தரும். மலைவாழைத் தார் அதில் பாதியை எட்டினாலே நல்ல தார். ஆனால் மலைவாழைக்குப் பாசனம் வேண்டியதில்லை, ஆண்டுதோறும் நடவும் வேண்டியதில்லை. ஒரு முறை வைத்த கட்டையிலிருந்து பக்கக்கன்றுகள் எழுந்து, ஒரே தூரில் பல ஆண்டுகள் தார் வந்துகொண்டிருக்கும். சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கும், இளங்காப்பிக்கு நிழல் தருவதற்கும் வாழை பயன்பட்டது. காப்பி காய்க்கத் தொடங்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்; அதுவரை தோட்டச் செலவை வாழை தாங்கியது. காப்பி ஆண்டுக்கு ஒரு முறை பணம் தருவது. வாழையில் வாரந்தோறும் ஏதாவது ஒரு மூலையில் தார் முற்றியிருக்கும். தோட்டக்காரர் வாரச் சந்தைக்கும், கூலியாள் வாரக் கூலிக்கும் நம்பியிருந்தது இந்த ஒழுங்கைத்தான்.

நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது

கீழ்மலையில் தோட்டப்பயிர் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில். 1821இல் ஆங்கில அளவையாளர் வார்டு பழனி மலைகளை அளந்து குறிப்பு எழுதியபோது அங்கு ஏற்கெனவே ஊர்களும் வேளாண்மையும் இருந்தன. குன்னுவர் நிலம் உடையவர்களாகவும், புலையர் அவர்களிடம் உழைப்பவர்களாகவும், பளியர் காட்டில் தேனும் கிழங்கும் எடுப்பவர்களாகவும் காலனியக் கால ஆவணங்களில் குறிப்பிடப்படுகிறார்கள். 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு போன்ற நூல்கள் புலையரின் நிலையை ஏறத்தாழ அடிமை நிலையாகவே காட்டுகின்றன. காப்பி வந்தபோது அதற்குரிய உழைப்பு புதிதாக உருவாக்கப்படவில்லை. இருந்த கட்டுப்பாட்டு உறவே தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. சமவெளியிலிருந்து வந்த வணிகச் சமூகத்தினர் நிலம் வாங்கித் தோட்டம் போட்டனர். தோட்டக்காரர்களில் பலர் திண்டுக்கல், வத்தலக்குண்டு, மதுரை போன்ற ஊர்களில் குடியிருந்தனர். மலையில் தங்கியவர்கள் கணக்குப்பிள்ளையும் கூலிக் குடும்பங்களும்.

பளியர் தோட்டத்துக்குள் வந்தது படிப்படியாக நிகழ்ந்தது. காடு அரசுக்குரியதாக வரையறுக்கப்பட்டு, காட்டுப்பொருள் எடுப்பது ஏலத்துக்கும் குத்தகைக்கும் உட்பட்டபின், காவல், களையெடுப்பு, குழி வெட்டுதல் போன்ற வேலைகளுக்கு அவர்கள் தோட்டக்காரர்களைச் சார்ந்தனர். முன்பணம் வாங்கி, அது தீரும்வரை அதே தோட்டத்தில் உழைப்பது வழக்கமாக இருந்தது. தீராத முன்பணம் அடுத்த தலைமுறைக்கும் போகும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. ஆனால் சட்டம் வந்த பிறகும் மலைத்தோட்டங்களில் குடிசையும் முன்பணமும் வேலையும் ஒரே கையிலிருந்து கிடைத்ததால், வேலையை விடுவதற்கு வீட்டையும் விட வேண்டியிருந்தது.

வாழையில் மிகக் கடினமான வேலை தார் சுமப்பது. சாலை எட்டாத சரிவில் வெட்டிய தாரைத் தலையிலும் தோளிலும் ஏற்றி, வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் சாலை வரை கொண்டுவர வேண்டும். பொதிக்குதிரைகளும் இதில் பங்கு பெற்றன. வெள்ளகவி போன்ற சாலையில்லா ஊர்களில் சுமைக்கு இன்றும் குதிரையே துணை. காயில் கீறல் விழுந்தால் அந்த இடம் கருத்து விலை குறையும் என்பதால் சருகு சுற்றி, அசையாமல் கட்டுவார்கள். சாலைக்கு வந்த தார் வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் மண்டிகளுக்குப் போகும். மண்டியில் கமிஷனும், ஏற்று இறக்குக் கூலியும், கழிவுத் தாரும் கழிக்கப்பட்ட பிறகு மிஞ்சுவது தோட்டக்காரருக்கு. விலை குறைந்த வாரத்தில் அந்தக் குறைவு முதலில் இறங்குவது சுமைக்கூலியில்தான். வாழைத்தார் சுமை தமிழகத்தின் தென்பகுதி முழுவதற்கும் பொதுவான அனுபவம். தாமிரபரணிக் கரையின் வாழைச் சுமையையும் அதில் ஈடுபட்ட சிறுவர்களையும் மாரி செல்வராஜின் 'வாழை' திரைப்படம் (2024) பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தது. மலைச் சுமைக்கு அத்தகைய பதிவு எதுவும் அமையவில்லை.

நிறுவனம் உள்ள வாழையும் நிறுவனம் இல்லாத வாழையும்

உலக வாழைத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறு. 1899இல் தொடங்கிய யுனைடெட் புரூட் கம்பெனி மத்திய அமெரிக்காவில் நிலம், ரயில், துறைமுகம், கப்பல், கடை அனைத்தையும் தன் கையில் வைத்திருந்தது. 1928இல் கொலம்பியாவின் சியேனகா பகுதித் தொழிலாளர்கள் எழுத்து வடிவ ஒப்பந்தம், எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கம்பெனிக் கடைச் சீட்டுக்குப் பதிலாகப் பணமாகக் கூலி ஆகியவற்றைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். டிசம்பர் 6 அன்று இராணுவம் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. இறந்தோர் எண்ணிக்கை இன்றுவரை உறுதிப்படவில்லை. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் வரும் வாழைத்தோட்டப் படுகொலைக்கு இதுவே மூலம்.

அந்த நிறுவனங்கள் உலகெங்கும் விற்றது க்ரோ மிஷேல் என்னும் ஒரே ரகத்தை. பனாமா வாடல் நோய் அதை அழித்தபோது, 1950களிலும் 1960களிலும் கேவண்டிஷ் வகைக்கு மாறின. இன்று ஏற்றுமதியாகும் வாழையில் ஏறத்தாழ முழுவதும் கேவண்டிஷ். பழனி மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டத்தில் திசுவளர்ப்புக் கன்றிலிருந்து வளர்க்கப்படும் ஜி-9 அதே வகையைச் சேர்ந்தது. உலகில் மிக அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. ஏற்றுமதியில் அதன் பங்கு சிறிது. மலைவாழை அந்தச் சிறு பங்கிலும் இல்லை. அது கோயிலுக்கும் உள்ளூர்ச் சந்தைக்குமான பழம்.

இங்கு ஒரு நிறுவனம் இல்லாததால் சியேனகா போன்ற நிகழ்வு இல்லை. அதே காரணத்தால் கோரிக்கை வைப்பதற்கு எதிரில் ஒருவரும் இல்லை. இருபது ஏக்கர் காப்பித் தோட்டத்தில் ஐந்து பேர், அடுத்த தோட்டத்தில் மூன்று பேர் என்று சிதறிய தொழிலாளர்கள், ஒருவரோடொருவர் கூலியை ஒப்பிட்டுப் பார்ப்பதே அரிது. நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தம் பேசிய வரலாறு உண்டு. அதற்கு இணையான ஒன்று கீழ்மலையின் சிறு தோட்டங்களில் உருவாகவில்லை.

முடிக்கொத்து நோய்

மலைவாழையின் வீழ்ச்சிக்குக் காரணமான முடிக்கொத்து நோய், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிஜித் தீவில் முதலில் கவனிக்கப்பட்டது. இலங்கைக்கு 1913 அளவிலும், அங்கிருந்து 1940ஐ ஒட்டிக் கேரளத்தின் கோட்டயம் பகுதிக்கும் வந்தது. நோய் தாக்கிய வாழையின் இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தடங்கள் தோன்றும். அடுத்தடுத்து வரும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். அந்த மரம் தார் தள்ளாது, தள்ளினாலும் பயன்படாது. குணப்படுத்த மருந்து இல்லை.

இது வைரஸால் வருவது என்றும், வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது என்றும் 1920களில் ஆஸ்திரேலியாவில் மகீ என்னும் ஆய்வாளர் நிறுவினார். நோய்க்கன்றை எடுத்து வேறிடத்தில் நடுவது இரண்டாவது வழி. மலைவாழையின் சிறப்பாகக் கருதப்பட்ட இயல்புகள் அனைத்தும் இந்த நோய்க்குச் சாதகமாக அமைந்தன. ஒரே தூர் பல ஆண்டுகள் நிற்பதால், ஒரு மரத்தில் ஏறிய வைரஸ் அடிக்கட்டை வழியாக எல்லாப் பக்கக்கன்றுகளுக்கும் செல்லும். கன்று விலைக்கு வாங்கப்படாமல் உறவினரிடமும் பக்கத்துத் தோட்டத்திலும் கேட்டு வாங்கப்பட்டதால், வெளியில் அறிகுறி தெரியாத நோய்க்கன்றும் கைமாறியது. காப்பிக்கு இடையே மறைந்து நின்ற நோய்த் தூரைத் தேடிப் பார்க்க ஆளில்லை. தோட்டக்காரர் மாதம் ஒரு முறை வருபவராக இருந்தால், அவர் வருவதற்குள் அசுவினி அடுத்த சரிவை அடைந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவும் இதே நிலையில் இருந்தது. 1920களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து எல்லைப் பகுதியின் வாழைத் தொழில் அழிவை எட்டியது. அங்கே அரசு சட்டம் இயற்றியது. அனுமதியின்றி வாழை நடக்கூடாது. ஆய்வாளர்கள் தோட்டந்தோறும் வருவார்கள். நோய்த்தூரை உரிமையாளர் அழித்தே ஆக வேண்டும். கைவிடப்பட்ட தோட்டமும் விலக்கல்ல. தொழில் மீண்டது, கண்காணிப்பு இன்றும் தொடர்கிறது. பழனி மலைக்கு வந்த திட்டங்கள் நோய்த்தூர் அழிப்பையும் நல்ல கன்று வழங்குவதையும் கொண்டிருந்தன. நோய் மாநிலங்களுக்கிடையே பரவாமல் தடுக்க 1950களின் இறுதியில் உள்நாட்டுத் தடைக்காப்பு அறிவிக்கை வந்தது. தமிழ்நாட்டில் நோய்ப்பயிரை அழிக்க உத்தரவிடும் அதிகாரம் 1919ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ளது. ஆனால் ஒரு மலை முழுவதையும் ஒரே பருவத்தில் தோட்டம் விடாமல் சுத்தம் செய்தால்தான் இந்நோய் அடங்கும். ஒருவர் தன் தூர்களை வெட்டி எரித்து, அண்டைத் தோட்டக்காரர் விட்டுவைத்தால், வெட்டியவருக்கு நட்டமும் விட்டவருக்கு அந்த ஆண்டின் சில தார்களும் மிஞ்சும்.

மருந்தும் கையும்

நோய்த்தூரை அழிக்கப் பரிந்துரைக்கப்பட்ட முறைகளில் ஒன்று, 2,4-டி களைக்கொல்லி அடைத்த மாத்திரையைக் கிழங்கில் துளையிட்டு வைப்பது அல்லது அதன் கரைசலை ஊசியால் செலுத்துவது. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் வாழையை வேரோடு சாகடிக்க இதுவே எளிய வழி. அசுவினியைக் கட்டுப்படுத்த மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தை நான்கு மடங்கு நீரில் கலந்து, 45 நாட்களுக்கு ஒரு முறை, பூ வரும்வரை தண்டில் ஊசியால் ஏற்றுவதும், குருணை மருந்தை இலையிடுக்கில் இடுவதும் பரிந்துரைகளில் இருந்தன.

உலக சுகாதார நிறுவனம் மோனோகுரோட்டோபாஸை மிகவும் நச்சுத்தன்மை உடைய பிரிவில் வைத்துள்ளது. 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் இது கலந்து 23 குழந்தைகள் இறந்தனர். இந்தியாவில் 2005இல் காய்கறிகளுக்கு மட்டும் தடை செய்யப்பட்டது. 2023இல்தான் அதன் 36 சதவீதக் கரைசலைச் சந்தையிலிருந்து விலக்க மத்திய அரசு ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாழைத்தண்டில் ஊசி ஏற்றியவர்கள் தோட்டக் கூலியாட்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்ய வேண்டிய அந்த வேலையைச் சிறு தோட்டங்களில் வெறுங்கையால் செய்வது வழக்கம். மத்திய அமெரிக்க வாழைத்தோட்டங்களில் நெமகான் என்னும் நூற்புழுக்கொல்லியால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மலடாயினர். 1977இல் கலிபோர்னியாவின் மருந்துத் தொழிற்சாலை ஆட்களிடம் அப்பாதிப்பு கண்டறியப்பட்ட பிறகும் வேறு நாடுகளில் அதன் பயன்பாடு சில காலம் நீடித்தது. அந்தத் தொழிலாளர்கள் நீதிமன்றம் செல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், வேலை செய்த தோட்டத்தின் பெயரும் மருந்து நிறுவனத்தின் பெயரும் ஆவணங்களில் இருந்தமை. நாள்கூலிக்கு வெவ்வேறு தோட்டங்களில் வேலை செய்பவரிடம் அப்படி எந்தத் தாளும் இருப்பதில்லை.

சட்டத்தின் வரையறை

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. அது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலக்காய் ஆகிய பயிர்களுக்கு உரியதாக இருந்தது. 1981 திருத்தத்தின்படி ஐந்து ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்பும், பதினைந்து பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்களும் இருக்க வேண்டியிருந்தது. வாழை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. காப்பி இருந்தது.

இதனால் கீழ்மலையில் விசித்திரமான ஒரு நிலை உருவானது. ஒரே சரிவில், ஒரே தொழிலாளி, காலையில் காப்பி பறித்து மதியம் வாழைத்தார் சுமக்கிறார். தோட்டம் பெரியதாக இருந்து பதிவும் செய்யப்பட்டிருந்தால் அவர் தோட்டத் தொழிலாளி. தோட்டம் சிறிதானால் வேளாண் கூலி. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைக்கு அப்பால் வேறு பாதுகாப்பு இல்லை. கீழ்மலைத் தோட்டங்களில் பல சிறியவை. பாகப்பிரிவினையில் தோட்டம் துண்டாகும்தோறும் சட்டத்தின் எல்லையிலிருந்து ஆட்கள் வெளியேறுகிறார்கள். பெண்கள் காப்பி பறிப்பதும் களையெடுப்பதும், ஆண்கள் வெட்டுவதும் சுமப்பதும் என்ற பிரிவினையைக் காட்டி ஆண் கூலி, பெண் கூலி என இரு விகிதங்கள் பேசப்படுவதும் இங்கு பழக்கமே. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது.

வாழை போனபின்

வாழை குறைந்தபோது மலையில் நிலைத்தவை காப்பியும், நிழல்மரமான சில்வர் ஓக்கும், அதில் ஏறிய மிளகும். கமலா ஆரஞ்சும் ஒரு காலத்தில் இங்கு பெருகியிருந்தது. அதுவும் நோயால் சுருங்கியது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. காப்பி விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டக்காரர்களின் இழப்பு ஓரளவு ஈடானது. கூலியாட்களுக்கு அப்படி ஈடாகவில்லை. வாழை தந்தது ஆண்டு முழுவதும் பரவிய வேலை; காப்பி தருவது பெரும்பாலும் பனிக்காலத்துப் பறிப்பு வேலை. மற்ற மாதங்களுக்கு இளைஞர்கள் சமவெளியில் வேலை தேடி இறங்கினர். பறிப்புக் காலத்தில் ஆள் கிடைக்கவில்லை என்ற குறை தோட்டக்காரர்களிடம் இன்று பரவலாக உள்ளது. அந்த ஆட்கள் போனதற்கும் வாழைத்தூர்கள் போனதற்கும் உள்ள தொடர்பு அந்தப் பேச்சில் வருவதில்லை.

காட்டு விலங்குகளும் இதில் சேர்ந்தன. யானைக்கு வாழை பிடித்த உணவு. காட்டுமாடு தோட்டங்களுக்குள் மேய்கிறது. கீழ்மலையிலும் கொடைக்கானலைச் சுற்றியும் மனிதரைத் தாக்குகிறது. 2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விடியற்காலையில் தனியே தோட்டத்துக்கு நடந்துபோகிறவர் கூலியாள் என்பதால் முதல் ஆபத்து அவருக்கே.

மீட்பும் குறியீடும்

மீட்பு முயற்சிகளில் முக்கியமானது திசுவளர்ப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வைரஸ் சோதனை செய்த தாய்மரங்களிலிருந்து ஆய்வகத்தில் கன்றுகளை உருவாக்கி மலைக்கு வழங்கியது. 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் முடிக்கொத்து வைரஸைக் கண்டறியும் முறைகளில் பணியாற்றியுள்ளது. ஆய்வகக் கன்று நோயற்றதாக வரும். நோய் எதிர்ப்புத் திறன் உடையதல்ல. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய்த்தூர் இருந்தால் அசுவினி அதற்கும் வரும். ஆகவே பல தலைமுறைகள் நிலைக்கும் தூர் என்ற பழைய முறையை விட்டு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுக்கன்று நடும் முறைக்கு மலைவாழை மாற வேண்டியிருந்தது. செலவு கூடியது, வாரந்தோறும் தூர்களைச் சுற்றிப் பார்த்து இலைக்காம்பின் கரும்பச்சைத் தடத்தை அடையாளம் காணும் தேர்ந்த ஆளும் தேவைப்பட்டார். களையெடுக்கப் போகும் பெண்கள் எல்லாத் தூரையும் நெருங்கிக் காண்பவர்கள். அவர்களுக்குப் பயிற்சியும் அதற்குரிய கூலியும் கொடுப்பது, ஆஸ்திரேலியா ஆய்வாளர்களை வைத்துச் செய்ததற்கு இங்கு சாத்தியமான மாற்று.

விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றன. மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பு அதற்கு முயன்றது. பழனி பஞ்சாமிர்தம் 2019இல் குறியீடு பெற்றது. தமிழகத்தில் கோயில் பிரசாதம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் குறியீடு அது. வரத்துக் குறைந்த காலங்களில் வேறு வாழைப்பழங்களும் பஞ்சாமிர்தத்துக்குப் பயன்பட்டுள்ளன. குறியீட்டுச் சட்டம் பழம் எங்கே விளைந்தது, அதன் தன்மை என்ன என்று கேட்கிறது. என்ன கூலிக்கு விளைந்தது என்று கேட்பதில்லை. நியாய வணிக முத்திரை பெற்ற வாழையில் 18.14 கிலோப் பெட்டி ஒன்றுக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கொடுக்கப்படுகிறது. அந்தத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று பெரிய தோட்டங்களில் தொழிலாளர் குழுவும் சிறு தோட்டங்களில் விவசாயிகளின் அமைப்பும் முடிவு செய்கின்றன. அந்த முத்திரைக்கும் குறைகள் உண்டு; இருந்தாலும் தொழிலாளிக்கு அதில் ஓர் இடம் இருக்கிறது. விருப்பாச்சிப் பழத்துக்கு நிலையாக வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அருகிலேயே இருக்கிறார். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கான பழக் கொள்முதல் விலையில் தார் சுமப்பவருக்கும் தூர் பார்ப்பவருக்கும் ஒரு பங்கு வைப்பதற்கு, கடல் கடந்த சந்தையோ சர்வதேச முத்திரையோ தேவையில்லை. கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.